பிப்ரவரியிலேயே கைமாற்றுங்கள்: கல்லூரி உடற்கல்வித் துறைகளுக்கும் ஊர் கிளப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களுக்கும் ஊர் கிளப்புகளின் செயலாளர்களுக்கும் வணக்கம்.

மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் படிப்பு ஏப்ரல், மே மாதத் தேர்வோடு முடிகிறது. அவருடைய ஆட்டம் அதற்கு மூன்று மாதம் முன்பே முடிந்துவிடுகிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணித் தேர்வு, தென்மண்டலப் போட்டி எல்லாம் பெரும்பாலும் ஜூலையில் தொடங்கி ஜனவரிக்குள் ஓடி அடங்கிவிடும். அதற்குப் பிறகு அவருக்குக் கல்லூரி மைதானத்தில் வேலை இல்லை. பி.டி. சாரின் கவனம் அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பிவிடும். அது இயல்புதான், குறையாகச் சொல்லவில்லை. கிளப்புக்கோ அவர் இன்னும் ‘காலேஜ் பிளேயர்’. ஆக, பிப்ரவரி பிறந்ததிலிருந்து அவர் யாருடைய ஆட்டக்காரரும் இல்லை.

அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்த மடல். கிளப்புகளில் பதிவேடு எழுதுகிறவர்கள், விசில் ஊதுகிறவர்கள், பள்ளிகளில் உடற்கல்வி சொல்லித்தருகிறவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான்: இறுதியாண்டு ஆட்டக்காரரைக் கல்லூரியிலிருந்து கிளப்புக்குக் கைமாற்றுவதைப் பிப்ரவரியில் செய்யுங்கள். பட்டம் கைக்கு வரட்டும் என்று ஜூனுக்குத் தள்ளாதீர்கள்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்து மைதானங்களில் ஜூன் பிறந்தால் கோல் முகத்தில் தண்ணீர் கட்டி நிற்கும். இடையில் கோடைமழை ஒன்றிரண்டு நாள் குறுக்கிட்டாலும், பிப்ரவரி முதல் மே வரைதான் தரை நம்பி ஓடக்கூடியதாக இருக்கும். கோடை விடுமுறைச் செவன்ஸும் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) இரவு வாலிபாலும் நடப்பது அப்போதுதான். அந்த மாதங்களில் பிள்ளை இன்னும் மாணவர். கல்லூரி ஜிம் திறந்திருக்கும், கையெழுத்து வாங்க வேண்டிய ஆட்கள் எதிரிலேயே இருப்பார்கள். வீட்டிலும் ‘வேலைக்குப் போகாமல் பந்து உதைத்துக்கொண்டு திரிகிறான்’ என்ற பேச்சு எழுந்திருக்காது. இந்தக் கடைசிக் காரணத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம்.

ஜூனுக்குத் தள்ளினால் நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தேர்வு முடிவு, மாற்றுச் சான்றிதழ் அலைச்சல், பிறகு வேலைக்குத் திருவனந்தபுரம் பக்கத்துக் கழக்கூட்டமா சென்னையா வளைகுடாவா என்ற யோசனை. ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஒரு டோர்னமெண்ட் வரும்போதுதான் கிளப்புக்கு ஞாபகம் வரும். “மக்கா, ஞாயித்துக்கெழம செமி இருக்கு, பூட்ஸ எடுத்துட்டு வந்திரு.” ஜனவரிக்குப் பிறகு ஒழுங்காக ஓடாத கால் அது. முதல் கால் மணி நேரம் பழைய வேகத்தில் ஓடுவார். பிறகு ஒரு நீண்ட பந்துக்குப் பாயும்போது ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) பிடித்துக்கொள்ளும். காலேஜில் நன்றாக ஆடிய பயல்தான், இப்போது ஒன்றுமில்லை என்று கரையில் நிற்பவர்கள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அவரும் அடுத்த அழைப்புக்கு போனை எடுக்க மாட்டார்.

உடற்கல்வித் துறைகளிடம் கேட்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஜனவரி கடைசி வாரத்தில், இறுதியாண்டு ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஏ4 தாளில் ஒரு பக்கம் எழுதுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, ரத்த வகை. என்ன ஆட்டம், எந்த இடம், வலது காலா இடது காலா, எந்தக் கை. கபடி என்றால் அன்றைய எடை. கடைசியாக முழு ஆட்டம் ஆடிய தேதி. வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி எடுத்துவந்தார். கடந்த இரண்டு ஆண்டில் என்ன காயம், எந்தப் பக்கம், எத்தனை வாரம் வெளியே இருந்தார். ஜூனுக்குப் பிறகு எங்கே இருப்பார் என்று நினைக்கிறார். ‘தெரியாது’ என்பதும் ஒரு பதில்தான், அதையும் எழுதுங்கள். கீழே மாணவரின் கையெழுத்து கட்டாயம். காய விவரத்தை அவர் சம்மதமில்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. மறுத்தால் அந்த வரியை வெறுமையாக விட்டுவிடுங்கள்.

காய வரியைத்தான் கிளப் முதலில் படிக்க வேண்டும். ஒருமுறை ஹாம்ஸ்ட்ரிங் போன காலில் மறுபடி அதே இடம் போவதற்கான வாய்ப்பு, போகாத காலைவிட அதிகம். கணுக்கால் சுளுக்கும் அப்படியே. கல்லூரியில் பி.டி. சாருக்கு அது தெரியும்; இருபது நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாத நாட்கள் எவை என்று தெரியும். அந்த அறிவு தாளில் ஏறாவிட்டால் அவர் தலைக்குள்ளேயே தங்கிவிடும். கிளப்பில் அது தெரிய வருவது அடுத்த காயத்தில்.

தாளோடு இன்னொரு வேலையையும் பிப்ரவரியில் முடித்துவிடுங்கள். பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர்களுக்கு, மத்திய அரசுப் பணிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்கப்படுவது படிவம் 3. பன்னாட்டுப் போட்டிக்கு 1, மாநில அணிக்கு 2, பல்கலைக்கழகத்துக்கு 3, பள்ளி அளவுக்கு 4. மூன்றாம் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி. மாணவராக இருக்கும்போது கல்லூரி வழியாகவே இது நடந்துவிடும். இரண்டு ஆண்டு கழித்து ரயில்வே அறிவிக்கை வந்த பிறகு தேடினால், தூத்தூரிலிருந்தோ ஆறுகாணியிலிருந்தோ பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டிக்கு ஒரு நாள் முழுக்கப் பயணம். அதற்குள் அதிகாரியும் மாறியிருப்பார், அணிப் பட்டியலும் எந்தக் கோப்பில் கிடக்கிறதோ. மாநில அரசுப் பணியிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிக்கைகள் பல, அண்மைய சில ஆண்டுகளின் சாதனையைத்தான் ஏற்கும். கல்லூரியோடு நிறுத்திவிட்டவரின் சான்றிதழ் அலமாரியில் இருந்தபடியே காலாவதியாகும். மாவட்ட அணிக்கும் மாநில அணிக்கும் தொடர்ந்து தேர்வுக்குப் போக வேண்டுமானால், பெரும்பாலும் ஏதாவது ஒரு கிளப்பின் பெயரில் பதிவு இருந்தாக வேண்டும்.

பதிவு என்றதும் கால்பந்துக்கு வருவோம். அதிகம் சிக்குவது இங்கேதான். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் இணையப் பதிவு முறையை எல்லாரும் சி.ஆர்.எஸ். என்றே சொல்கிறோம். கல்லூரி அணிக்கு ஆடுவதால் மட்டும் யாரும் அதில் ஏறுவதில்லை; கிளப்தான் ஏற்ற வேண்டும். ஆனால் நம் மேற்குக் கடற்கரைப் பிள்ளைகளில் பலர் பள்ளி நாட்களிலேயே திருவனந்தபுரம் பக்கம் ஏதாவது ஓர் அகாடமியில் ஆடியிருப்பார்கள். அங்கே யாரோ பதிவு செய்திருப்பார்கள். பிள்ளைக்கே அது ஞாபகம் இருக்காது. கிளப் புதிதாகப் பதிவு செய்யும்போது பழைய எண் எட்டிப் பார்க்கும். அப்போது செயலாளர்கள் செய்கிற குறுக்கு வழி, இனிஷியலை மாற்றிப்போட்டோ எழுத்தை மாற்றியோ இரண்டாவது எண் வாங்குவது. ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருப்பது பிடிபட்டால் லீக் நடுவில் அவர் உட்கார வேண்டியிருக்கும், ஆடிய ஆட்டத்தின் புள்ளியும் கேள்விக்குள்ளாகும். சரியான வழி நீளமானது. பழைய எண்ணைக் கண்டுபிடித்து, பழைய கிளப்பிடம் விடுவிப்புக் கேட்டு, இரு மாநிலச் சங்கங்கள் வழியாக மாற்றம் செய்ய வேண்டும். இதற்கு வாரக் கணக்கில் ஆகும். பிப்ரவரியில் தொடங்கினால் லீக்குக்கு முன் முடியும், லீக் அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் முடியாது.

பெயர்ப் பிரச்சினை இதற்கு மேல். ஆதாரில் இனிஷியல் பின்னால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, ஞானஸ்நானப் பெயர் வேறாக என்று நான்கு பெயரோடு இருக்கும் பிள்ளைகள் நம்மூரில் நிறைய. பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஒத்துப்போகச் செய்துவிடுங்கள். ஆதார் திருத்தம் பதிவுக்கு முன்பு நடக்க வேண்டும், பின்பு அல்ல.

ஃபிஃபாவின் விதிப்படி ஓர் ஆட்டக்காரர் ஒரு பருவத்தில் அதிகபட்சம் மூன்று கிளப்புகளில் பதிவாகலாம், அதிகாரப்பூர்வ ஆட்டம் ஆடுவது இரண்டுக்கு மட்டும்தான். தொழில்முறை ஒப்பந்தத்தில் ஆடியவர் மறுபடி அமெச்சூராகப் பதிவாக, கடைசி ஆட்டத்திலிருந்து 30 நாள் கழிய வேண்டும். இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜும் மைக்கேல் ரெஜினும் இந்தியன் சூப்பர் லீக் வரை போனதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் சிலர் ஒரு பருவம் வெளியூர் ஒப்பந்தத்தில் ஆடிவிட்டுத் திரும்புவார்கள். ஊர் லீக்கில் அவரை இறக்கும் அவசரத்தில் இந்த 30 நாளைக் கிளப்புகள் மறந்துவிடுகின்றன.

இப்போது கிளப்புகளுக்கு.

முதலில் துணைவிதியைத் திறந்து பாருங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்த கலைமன்றமோ நற்பணி மன்றமோ ஸ்போர்ட்ஸ் கிளப்போ, பெரும்பாலானவற்றில் உறுப்பினர் தகுதி என்ற இடத்தில் ‘இவ்வூரைச் சேர்ந்தவர்’ அல்லது ‘இப்பங்கைச் சேர்ந்தவர்’ (பங்கு என்றால் ஓர் ஆலயத்தின் எல்லைக்குட்பட்ட சபை) என்று இருக்கும். எழுத்தில் இல்லாவிட்டால் வழக்கத்தில் இருக்கும். காரணம் புரிகிறது. மைதானம் ஊர்ச் சொத்து, கோயில் சொத்து. யார் வேண்டுமானாலும் உறுப்பினராகி நாளை தேர்தலில் நிற்க முடியும் என்றால் பெரியவர்கள் பயப்படுவார்கள். ஆனால் கிளப்பே இல்லாத ஊர்களிலிருந்தும் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி அணிகளுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். கல்லூரியில் ஆட்டக்காரர் என்ற ஒரே தகுதியில் ஆடியவர், வெளியே வந்ததும் எந்த ஊர், எந்தப் பங்கு, எந்தச் சாதி என்ற கேள்விக்குப் பதில் சொல்லித்தான் பந்தைத் தொட முடிகிறது. நல்ல ஆட்டக்காரர்களை நாம் இழப்பதில் மழைக்கும் காயத்துக்கும் அடுத்தபடி இதற்குத்தான் பங்கு அதிகம், பேசுவது குறைவு.

தீர்வு சிக்கலானதில்லை. பொதுக்குழுவில் ஒரு திருத்தம்: ‘விளையாட்டு உறுப்பினர்’ என்று ஒரு வகை. ஊர்ச் சொத்து, நிர்வாகத் தேர்தல் ஆகியவற்றில் வாக்கு இல்லை. அணித் தேர்வு, பயிற்சி நேரம், விளையாட்டுச் செலவு ஆகியவற்றில் வாக்கு உண்டு. தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதி, துணைவிதித் திருத்தத்தைப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்யுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் அடுத்த செயலாளர் வந்ததும் அது இல்லாமல் போகும்.

அடுத்தது நேரம். ‘வைகிட்டு அஞ்சு மணிக்கு கிரவுண்ட்’, அதாவது மாலை ஐந்து மணி, என்பது மாணவர்களுக்கும் ஊரிலேயே இருப்பவர்களுக்கும் போட்ட நேரம். கழக்கூட்டத்தில் வேலைக்குப் போகிறவர் நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ ரயில் இறங்கவே இரவாகிவிடும். ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியுமுன் தோட்டத்தில் இருப்பார்; பால் எடுத்துச் சேர்த்து முடிக்க முற்பகலாகும், அவருக்கு இரவுப் பயிற்சி ஆகாது. ஞாயிறு காலை ஆறு மணி என்று சென்னைக் கிளப்புகளைப் பார்த்து வைத்தால் பாதி அணி ஆலயத்தில் இருக்கும். எங்களுக்குப் பொருந்தி வருவதாகத் தெரிவது, வாரத்தில் ஒரு நாள் விளக்கு வெளிச்சத்தில் இரவு 8 முதல் 9.15 வரை, ஞாயிறு மாலை 3.30 முதல் 5.30 வரை. இந்த இரண்டில் ஒன்றுக்காவது வருகிறவர்தான் அந்த வார ஆட்டத்துக்குத் தகுதி. விளக்கு இல்லாத ஊர்கள் வாரநாள் பயிற்சியை வாடகை டர்ஃபில் (செயற்கைப் புல் மைதானம்) ஒரு மணி நேரம் வைத்துச் செலவைப் பங்கு போடலாம்.

கடற்கரைக் கிளப்புகளின் நாட்காட்டியே வேறு. மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டம் ஒன்றுதான் இரண்டையும் பார்க்கிறது. சின்னமுட்டம் பக்கத்து ஆட்கள் கோடையிலேயே கரையில் இருப்பார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆழ்கடல் விசைப்படகுகளில் போகிறவர்கள் ஜூன், ஜூலையில்தான் சேர்ந்தாற்போல் ஊரில் கிடைப்பார்கள். அப்போது மழை. மணல் மைதானம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அங்கே ஆடலாம், கடலரிப்பு மைதானத்தையே தின்றுவிடாத ஊர்களில். மாவட்ட லீக் அட்டவணை போடுகிறவர்கள் மேற்குக் கடற்கரை அணிகளின் ஆட்டங்களில் இரண்டு மூன்றையாவது ஜூலைக்கு ஒதுக்கி, மணலிலோ டர்ஃபிலோ வைக்க முடியுமா என்று பாருங்கள்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். கல்லூரி அணியில் போட்டிக் காலத்தில் வாரத்துக்கு ஐந்து ஆறு நாள் ஓடியவர் ஒரேயடியாக வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்கிறார். மூச்சு குறைவது அவருக்குத் தெரியும். தசை நார்களும் மூட்டுத் தசைநாண்களும் பழக்கம் இழந்திருப்பது தெரியாது, ஏனென்றால் நடக்கும்போது வலிக்காது. பிப்ரவரியில் வருகிறவர் இரண்டு மூன்று வாரம்தான் சும்மா இருந்திருப்பார். அவரை இரண்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு ஆட்டத்தில் இறக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் விட்டவருக்கு ஆறு வாரம் வேண்டும். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு மூன்று நாள், 40 நிமிடம், மெதுவான ஓட்டமும் பந்தும் மட்டும். முழு வேகம் கூடாது. மூன்றாம், நான்காம் வாரம் 20 மீட்டர் ஓட்டம் ஆறு, நடுவில் ஒரு நிமிட ஓய்வு, வேகத்தை எண்பதிலிருந்து தொண்ணூறு சதவீதத்துக்கு ஏற்றி; பிறகு நாலுக்கு நாலு சின்ன ஆட்டம், நான்கு நிமிடமாக நான்கு முறை. ஐந்தாம் வாரம் 30 நிமிட ஆட்டம், ஆறாம் வாரம் 60. வீட்டில் செய்ய நார்டிக் பயிற்சி: முழங்காலிட்டு நிற்க, ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்னால் சாய வேண்டும். தொடக்கத்தில் மூன்று முதல் ஐந்து முறை போதும். கல்லூரியில் பதினைந்து எடுத்தேன் என்று முதல் நாளே பதினைந்து எடுத்தால் மூன்று நாள் படி இறங்க முடியாது, நான்காம் நாள் பயிற்சியையே விட்டுவிடுவார்.

ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் முறை 20 நிமிடம் எடுக்கும்: 8 நிமிடம் மெதுவான ஓட்டம், 10 நிமிடம் வலு, குதிப்பு, சமநிலை, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயம் கணிசமாகக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கல்லூரியில் பி.டி. சாரின் விசிலுக்குப் பயந்து இதைச் செய்தவர்கள், கிளப்பில் ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பைக்கில் வந்திறங்கி, வண்டி மேலேயே உட்கார்ந்து பூட்ஸ் மாட்டுவார்கள். கிளப் செய்ய வேண்டியது எளிது. ஆட்டம் 4.30-க்கு என்றால் வாட்ஸ்அப் குழுவில் 3.50 என்று போடுங்கள். 4.05-க்கு வரிசையில் நிற்காதவர் முதல் பாதியில் வெளியே. கேப்டனிலிருந்து தொடங்கினால்தான் இது நிற்கும்.

பூட்ஸும் பார்க்க வேண்டியது. கல்லூரிப் புல்தரைக்கு வாங்கிய நீளக் குமிழ் பூட்ஸைச் சரல் மண்ணில் போட்டால் குதிகால் வலியும் கணுக்கால் திருகலும் வரும். சின்னச் சின்னக் குமிழ் நிறைய உள்ள டர்ஃப் ஷூ அங்கே போதும். செயற்கைப் புல்லிலோ ஆபத்து வேறு வகை. பட்டைக் குமிழ் தரையில் பிடித்துக்கொள்ள, உடம்பு திரும்ப, முழங்கால் திரும்பாமல் நின்றுவிடும். தசைநார் கிழிவது அப்படித்தான். வாடகை டர்ஃபில் அந்த பூட்ஸோடு இறங்குகிறவரைச் செயலாளர் தடுத்து நிறுத்த வேண்டும்.

ஆட்டமும் மாறுகிறது. கல்லூரியில் பதினொருவர், 90 நிமிடம், ஆஃப்சைடு. ஊரில் பெரும்பாலும் செவன்ஸ்: சின்னக் களம், சின்ன கோல், பல டோர்னமெண்டுகளில் ஆஃப்சைடு கிடையாது, மாற்று ஆட்டக்காரர் எத்தனை முறை வேண்டுமானாலும். ஓரமாக ஏறி கிராஸ் போட்டுப் பழகிய விங் பேக் இங்கே திணறுவார். ஆஃப்சைடு கோட்டை நம்பி நிற்கும் ஸ்டாப்பர் இரண்டு கோல் வாங்கிய பிறகுதான் விழித்துக்கொள்வார். திறமை குறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. மூன்று நான்கு ஆட்டம் அவருக்குக் கொடுங்கள். டோர்னமெண்ட் நடத்துகிறவர்கள் பாதி நேரம் எத்தனை நிமிடம், ஆஃப்சைடு உண்டா, மஞ்சள் அட்டைக்கு என்ன தண்டனை என்று அரைப்பக்கம் அச்சடித்து எல்லா அணிக்கும் முன்னதாகவே கொடுத்தால், எங்களைப் போல விசில் ஊதுகிறவர்களுக்குப் பாதித் தகராறு குறையும். பதிவான ஆட்டக்காரர்கள் சங்க அனுமதி இல்லாத போட்டியில் ஆடினால் நடவடிக்கை வரலாம் என்பதையும் நோட்டீஸில் போட்டுவிடுங்கள்.

கபடியில் கவனிக்க வேண்டியது எடை. சீனியர் ஆண்களுக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75 என்பது வரம்பு. ஊர்ப் போட்டிகள் அதற்கும் கீழே பல எடைப்பிரிவுகளில் நடக்கின்றன. பயிற்சி நின்றும் சாப்பாடு பழைய அளவிலேயே இருந்தால் சில மாதத்தில் ஒரு பிரிவு தாண்டிவிடுவார். எடை பார்க்கும் நாளுக்கு முந்தின நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்து இறக்குவது, மறுநாள் இரண்டாம் பாதியில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிப்பதில்தான் முடியும். மாதம் ஒருமுறை எடையைப் பதிவேட்டில் எழுதுங்கள், அது போதும். கிரிக்கெட்டுக்குச் சொல்ல ஒன்றுதான்: பருவத்துக்கான கிளப் பதிவுப் படிவத்தில் கையெழுத்து வாங்குமுன், நடுவில் கிளப் மாறுவதற்கான விதி என்ன என்பதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டிவிடுங்கள்.

பணம். கல்லூரியில் பந்து, சட்டை, பயணப்படி, போட்டி நாள் சாப்பாடு, வகுப்புக்கு ஓ.டி. (போட்டிக்குப் போன நாளுக்கும் வருகைப்பதிவு) எல்லாம் கேட்காமலே வந்தன. கிளப்பில் நுழைந்த அன்றைக்கே நுழைவுக் கட்டணம், ஜெர்சிக்கு ஒரு தொகை என்று கேட்டால், வேலை தேடிக்கொண்டிருக்கும் பையன் ‘அடுத்த வாரம் தருகிறேன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே வரமாட்டான். பணம் இல்லாததைவிட அதைச் சொல்லும் கூச்சம்தான் அவனை விரட்டுகிறது. சம்பளக்காரருக்கு மாதம் 200 ரூபாய், மற்றவர்களுக்கு 50, நுழைவுக் கட்டணம் இல்லை என்று வைத்துப் பாருங்கள். 15 பேர் சம்பளக்காரர், 10 பேர் மற்றவர் என்றால் மாதம் 3,500, ஆண்டுக்கு 42,000. பந்து, கோடு போடச் சுண்ணாம்புப் பொடி, ஐஸ், விளக்குக் கரண்ட் இவற்றுக்கு இது போதும். ஜெர்சிக்கு ஊரில் ஒரு கடையைப் பிடியுங்கள். யார் எந்தத் தொகை கட்டுகிறார் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். குழுவில் பட்டியல் போடாதீர்கள்.

கல்லூரிக் காப்பீடு மாணவராக இருக்கும் வரைதான். பிரதமர் சுரக்ஷா பீமா ஆண்டுக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை, விபத்தில் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம் தரும். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எதுவும் இல்லை. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு அது உதவாது. அதற்குக் குழு விபத்துப் பாலிசி எடுக்க வேண்டும். எடுக்கும்போது அமெச்சூர் கால்பந்து, கபடி ஆட்டத்தில் வரும் காயத்தின் மருத்துவச் செலவு சேருமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பாலிசி பெயர்ப் பட்டியலுக்குத்தான். பட்டியலில் இல்லாத கெஸ்ட் ஆட்டக்காரர் காலை உடைத்துக்கொண்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரை ஆம்புலன்ஸ் போகும், அதற்கு மேல் செலவு அவர் அப்பாவுடையது. பயிற்சிக்கு வராத கெஸ்ட்டை நேராக ஃபைனலில் இறக்குவதை நாங்கள் எதிர்ப்பதற்கு இது முக்கியமான காரணம். வெளியூரில் வேலை பார்க்கிறவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர்களை விடுமுறை உறுப்பினராகப் பட்டியலில் வையுங்கள், கிறிஸ்துமஸுக்கு வந்தால் இரண்டு பயிற்சிக்குப் பிறகு இறக்குங்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹோலி கிராஸ், பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, சுங்கான்கடை ஸ்ரீ ஐயப்பா மகளிர் கல்லூரி இவற்றிலிருந்தெல்லாம் ஆட்டக்காரிகள் வெளியே வருகிறார்கள். அவர்களைக் கைமாற்றி வாங்க நம் ஊர்களில் கிளப் அநேகமாக இல்லை. ஆண்களுக்கு ஓர் இடைவெளி என்றால் இவர்களுக்கு அதோடு ஆட்டமே முடிகிறது. புதிதாகப் பெண்கள் கிளப் தொடங்குவதைவிட, இருக்கிற கிளப்பில் ஒரு பெண்கள் பிரிவு தொடங்குவது எளிது. மைதானமும் பதிவும் ஏற்கெனவே இருக்கின்றன. பதினொருவர் கால்பந்தில் தொடங்காதீர்கள். வாலிபாலுக்குக் களத்தில் ஆறு பேர், ஒன்பது பத்துப் பேர் கிடைத்தால் அணி நடக்கும். கபடிக்குக் களத்தில் ஏழு, வெளியே ஐந்து. ஓர் ஊரில் அத்தனை பேர் கிடைக்கமாட்டார்கள் என்பதால் கல்குளம், திருவட்டாறு போல இரண்டு வட்டங்களுக்கு ஓர் அணி என்று வைப்பதுதான் நடைமுறை.

கம்பத்தைப் பாருங்கள். பல கிளப்புகளில் வாலிபால் வலைக் கம்பத்தின் கொக்கி ஆண்களுக்கான 2.43 மீட்டரில் மட்டும் வெல்டிங் செய்திருக்கும். பெண்களுக்கு 2.24. அடுத்த முறை வெல்டர் வரும்போது இரண்டு உயரத்திலும் கொக்கி வைக்கச் சொல்லுங்கள், செலவு ஒன்றுமில்லை. கபடிக் களத்திலும் 13-க்கு 10 மீட்டருக்குள்ளேயே 12-க்கு 8 மீட்டர் கோட்டை வேறு நிறத்தில் போட்டுக்கொள்ளலாம். பயிற்சி சனிக்கிழமை காலை 7 முதல் 8.30 வரை; ஜங்ஷன் ஓர மைதானத்தைவிடப் பள்ளி மைதானம் நல்லது. அதற்குத் தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுக்கும்போது கழிப்பறையையும் உடை மாற்ற ஓர் அறையையும் சேர்த்தே கேளுங்கள். மைதானம் மட்டும் கேட்டு வாங்கிவிட்டு, முதல் நாள் கழிப்பறை பூட்டியிருந்ததால் இரண்டாம் நாள் யாரும் வராமல் நின்றுபோவதுண்டு. திரும்பிப் போகும் பஸ் நேரத்தைப் பார்த்துத்தான் முடிக்கும் நேரத்தை வைக்க வேண்டும். ஊர்த் திருவிழா டோர்னமெண்டில் ஆண்கள் அரையிறுதிக்கு முன் பெண்கள் காட்சிப் போட்டி ஒன்றை வையுங்கள். கூட்டம் இருக்கும் நேரத்தில், மதிய வெயிலில் அல்ல.

முதலமைச்சர் கோப்பையின் முந்தைய அறிவிப்புகளில் கல்லூரிப் பிரிவு 17 முதல் 25 வயது, பொதுப்பிரிவு 15 முதல் 35 வயது என்று இருந்தது. அதாவது கல்லூரியை விட்டவருக்கு இன்னும் பத்தாண்டுக்கு மேல் அந்தக் கதவு திறந்திருக்கிறது. பொதுப்பிரிவில் எந்தெந்த ஆட்டங்கள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டு, கிளப் பலகையில் ஒட்டுங்கள்.

வரும் ஜனவரியில் தாளை நிரப்பும் கல்லூரிகள், மாணவர் எந்தக் கிளப்பைக் குறிப்பிடுகிறாரோ அந்தக் கிளப்புக்கு ஒரு நகல், மாணவருக்கு ஒரு நகல், துறைக் கோப்பில் ஒன்று என்று மூன்று எடுங்கள். கிளப் எதையும் குறிப்பிடாதவர்களின் பெயர், ஊர், ஆட்டம் இந்த மூன்றை மட்டும் அவர்கள் சம்மதத்தோடு அருகிலுள்ள கிளப்புகளுக்கு அனுப்புங்கள். தாள் கைக்கு வந்த கிளப், பத்து நாளுக்குள் பிள்ளையை நேரில் அழைத்துப் பயிற்சி நேரத்தைச் சொல்ல வேண்டும். இடம் இல்லையென்றால் அதையும் அந்தப் பத்து நாளுக்குள்ளேயே சொல்லிவிடுங்கள், அவர் அடுத்த கிளப்பைப் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
மாவட்டத்தின் சில கிளப் பொறுப்பாளர்கள், நடுவர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள்